மாமா ஊற்றிய ஒயில்

பின்சில்லுக்குப் போகும் பிறேக் பைப் துருப்பிடித்து ஒழுகியதில், தயாபரன் இரண்டு நாளாக அந்தப் பழைய காருக்கு அடியிலேயே கிடந்தான். விடிந்தால் மாமனார் சிற்றம்பலத்துக்கு வவுனியாவில் கண் ஒப்பரேஷன். ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். தவறினால் அடுத்த திகதிக்கு நாலு மாதம்; அதற்குள் மிஞ்சிய பார்வையும் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

புதுப் பைப் பூட்டியாயிற்று. இனி உள்ளே நிற்கும் காற்றை எடுக்க வேண்டும். கிருசாந்தி சீற்றில் இருந்து பெடலை மிதிக்க, கணவன் கீழே நட்டைத் தளர்த்தி இறுக்கினான். குறையக் குறைய பிறேக் ஒயில் ஊற்றுவது அவளுடைய அப்பா சிற்றம்பலத்தின் பொறுப்பு. பெடல் முதலில் பஞ்சு மாதிரி அமிழ்ந்தது. ஒருவழியாகக் கல் மாதிரி நின்றது. தயாபரன் குளிக்கக் கிணற்றடிக்குப் போனான்.

குசினிக்குள் நல்லெண்ணெய்ப் போத்தலைக் காணவில்லை. கிருசாந்தி தேடிப் போனால், அது காரடியில் முக்கால்வாசி வெறுமையாக நின்றது.

"அப்பா, இது ஏன் இங்க?"

சிற்றம்பலம் குரலைத் தாழ்த்தினார். "கடை ஒயில் முடிஞ்சு போச்சு பிள்ளை. சண்டைக்க சாமான் தடை இருந்த காலத்தில உழவு மெசினுக்கு நான் ஊத்தாத எண்ணெயே? மருமோனுக்குச் சொல்லிப்போடாத, அவர் பயந்த மனுசன்."

ஒரு நாளைக்குத் தாங்காதா என்று அவள் மனமும் ஒரு கணம் பேரம் பேசியது. போகும் வழியில், புளியங்குளம் சந்தியில் இரைந்து வரும் லொறிகள் நினைவில் வந்ததும், நேரே கிணற்றடிக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள்.

தயாபரன் வாளியைக் கீழே வைத்தான். அந்த எண்ணெய் பட்டால் பிறேக்குக்குள் இருக்கும் றப்பர் ஊதிவிடும், எங்கே பிறேக் பிடிக்காமல் விடும் என்று சொல்ல முடியாது, எல்லா றப்பரையும் மாற்றாமல் கார் படலை தாண்டாது என்றான். மாமாவை ஒரு சொல் ஏசவில்லை.

மிச்சம் விடியற்காலை ஐந்தேகால் பஸ் ஒன்றுதான். அடுத்தது எட்டு மணிக்கு.

மறுநாள் ஐந்தரையாகியும் பஸ் வரவில்லை. நெடுங்கேணிச் சந்தியில் அப்பா அவளுடைய கையை விடாமல் பிடித்திருந்தார்.

"ஒயில் முடிஞ்சுது எண்டு சொன்னால், மருமோன் பயணம் இல்லையெண்டு சொல்லிப்போடுவாரெண்டுதான் பிள்ளை..."

அவள் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாற்பதுக்கு வளைவில் வெளிச்சம் திரும்பியது. அவரை ஏற்றி இருத்திவிட்டு, கிருசாந்தி சாரதியின் பக்கம் குனிந்தாள்.

"அண்ணை, ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில நிக்கவேணும். கொஞ்சம் விரைவா விடுங்கோ."