டிக்கியில் நாலு துளை

பெட்ரோல் பம்ப்பை எங்கே மாற்றி வைப்பது என்பதில் கோவிந்தனுக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. டிக்கியில்தான். மூன்று நாள் யோசித்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து அளந்து, ஜீவனஹள்ளியில் தன் ஷெட் வாசலுக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் வாதாடி, அவர்கள் தலையாட்டி ஓய்ந்த பிறகு எடுத்த முடிவு அது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டிக்கியின் தரையில் சாக்பீஸால் நாலு புள்ளி வைத்தான். ட்ரில்லில் பிட்டை மாட்டினான். மாட்டிவிட்டு, மரியாதைக்கு ஒரு போட்டோ எடுத்து ரங்காவுக்கு அனுப்பினான். அந்த மரியாதைதான் வினையாகப் போயிற்று.

கார் ரங்காவுடையது. மல்லேஸ்வரத்தில் நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் இன்ஜினியர், அப்பாவுக்கும் அரசாங்க உத்தியோகம், ரங்கா ஆடிட்டர். இங்கிலாந்தில் செய்த, அறுபத்தேழாம் வருஷத்து, இரண்டே பேர் உட்காரக்கூடிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் அது. அப்பா போன பிறகு பதினோரு வருஷம் வீட்டுப் பின்கட்டில் எலிகள் அதில் குடித்தனம் நடத்தின. அந்தக் கூட்டைத் தள்ளிக்கொண்டு வந்து உயிர் கொடுத்தவன் கோவிந்தன். அதற்கப்புறம் பதினாறு வருஷமாக வேறு மெக்கானிக் கை அதன் மேல் பட்டதில்லை. ரங்காவுக்கு அதன் கலர் தெரியும், நம்பர் தெரியும். மற்றதெல்லாம் தெரிந்தவன் கோவிந்தன்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரிலுள்ள பழைய கார்க்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து நந்தி மலை அடிவாரம் வரை போய் வருவார்கள். ரங்கா தொப்பி போட்டுக்கொண்டு ஓட்டுவார். கோவிந்தன் தன் ஓட்டை வேனில் சாமான் பெட்டியோடு பின்னால் போவான். கார் நின்றால் இறங்கி ஓடி, கையைக் கறுப்பாக்கிக்கொண்டு, மறுபடி வேனுக்குள் போய் உட்காருவான். போட்டோவில் அவன் இருக்க மாட்டான். அதை அவன் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை என்று எல்லோரிடமும் சொல்வான். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டான். அவன் மனைவி யசோதாவுக்கு மட்டும் அது தெரியும்.

இந்தத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்த ரங்கா, காரின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கோவிந்தா, இந்த வருஷம் நீதான் ஓட்டறே. நான் பக்கத்துல உக்காண்டு வரேன். நம்ம கார்தானே."

கோவிந்தனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்து நாலு வயது ஆள், கண்ணாடி முன்னால் நின்று தொப்பி வைத்துப் பார்த்துக்கொண்டான். காக்ஸ் டவுன் கிளினிக்கில் ஆயா வேலை பார்க்கும் யசோதா அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மாதம் முன்னதாகவே லீவு சொல்லிவிட்டாள். ஒக்கலிபுரத்திலிருக்கும் அக்காவையும் கூட்டிக்கொண்டு, கார்கள் போகும் வழியில் மேக்ரி சர்க்கிளில் நிற்பதாகத் திட்டம். தன் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போவதை நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா?

ஆகவே, கார் வழியில் நிற்கக் கூடாது. பம்ப்பின் கதை அங்கேதான் வருகிறது. அந்தக் காரில் பம்ப் கரண்டில் ஓடுவது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் தானே அடங்கும். வெள்ளைக்காரன் அதை வைத்திருந்த இடம் காருக்கு வெளியே, அடியில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில். சக்கரம் வாரியடிக்கிற சேறும் தண்ணீரும் நேரே அதன் தலையில்தான். போன மழைக்கு ஒக்கலிபுரம் பாலத்தடியில் முழங்கால் தண்ணீரில் கார் நின்று, கோவிந்தன் தள்ளிய தள்ளில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றைக்கே முடிவாயிற்று, பம்ப்புக்கு வேறு இடம் பார்ப்பதென்று. டிக்கி என்றால் நனையாது, டேங்க்கும் பக்கத்திலேயே இருக்கிறது. பிராக்கெட்டுக்கு இரண்டு, பெட்ரோல் குழாய் வரவும் போகவும் இரண்டு, ஆக நாலு துளை போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

போட்டோ போன அரை நிமிஷத்தில் போன் வந்தது. ட்ரில்லைக் கீழே வை, ஒன்றும் செய்யாதே, நான் வருகிறேன் என்றார் ரங்கா. முக்கால் மணி நேரத்தில் கேப் பிடித்து வந்து இறங்கினார். கார் நட்டநடு ரோட்டில் செத்துக் கிடந்தபோதுகூட இத்தனை வேகமாக வந்தவர் இல்லை.

வந்ததும் வராததுமாக, பம்ப்பை முன்னால் இன்ஜின் பக்கத்தில் வைத்துவிடு என்றார். அங்கே ஏற்கெனவே இரண்டு போல்ட் இருக்கிறது, அதிலேயே மாட்டலாம், புதிதாகத் துளையே வேண்டாம் என்றார். இந்தப் போல்ட் சமாசாரமெல்லாம் இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கோவிந்தனுக்கு ஒரே ஆச்சரியம். பொறுமையாக எடுத்துச் சொன்னான். இந்தப் பம்ப் பெட்ரோலைத் தள்ளு என்றால் தள்ளும், அத்தனை தூரத்திலிருந்து உறிஞ்சு என்றால் திணறும். முன்னால் வைத்தால் இன்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும், ஹெப்பால் நெரிசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும், கார் படுத்துவிடும் என்றான். ரங்கா காதில் வாங்கவில்லை. துளை வேண்டாம், துளை வேண்டாம் என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. ஓரமாகப் போய்க் கன்னடத்தில் பேசினார். பேசிக்கொண்டே திரும்பி வந்து, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கோவிந்தன் வைத்த நாலு புள்ளியையும் சுத்தமாகத் துடைத்தார். பிறகு, "அந்த லைட்டை ஸ்வல்ப பிடி, கோவிந்தா" என்றார்.

கோவிந்தன் பிடித்தான். கேட்டால் பிடிப்பதுதானே அவன் வழக்கம். ரங்கா போனை டிக்கிக்குள் நீட்டி இந்த மூலை அந்த மூலை என்று காட்டினார். ஒரு துளைகூட இல்லை, கம்பெனி போட்டது போட்டபடி இருக்கிறது, பாருங்கள் ராகேஷ் என்றார். மைசூரில் இறக்கிக் காட்டும்போதும் இப்படியேதான் இருக்குமா என்று போனுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. இப்படியேதான் இருக்கும் என்று ரங்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே போனைக் கோவிந்தன் முகத்துக்குத் திருப்பினார்.

"இவனே நம்ம கோவிந்தா. காரு, மெக்கானிக்கு, எரடூ நிமகே" என்றார். இரண்டுமே உங்களுக்குத்தான்.

போனில் முகத்தைக் காட்டினால் யாருக்கும் ஒரு சிரிப்பு வந்துவிடுமே, அப்படிக் கோவிந்தனும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காக அவன் பிற்பாடு தன்னைத்தானே எத்தனை தடவை திட்டிக்கொண்டானோ தெரியாது. போன் அணைந்த பிறகும் லைட்டை இறக்காமல் நின்றான். 

"எப்ப வித்தீங்க சார்?"

ரங்கா சொன்னார். மறைக்க இனிமேல் ஒன்றும் இல்லையே. வீட்டை இடித்துப் பிளாட் கட்டக் கொடுத்தாயிற்று, கார் நிறுத்த இடம் கிடையாது. தசராவுக்கு முன்பே பேச்சு முடிந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. வாங்குகிறவர் பழைய கார் என்றால் உயிரை விடுகிறவர், ஒரிஜினல் உடம்பில் கைவைக்கக் கூடாதென்று கறாராகச் சொல்லியிருக்கிறார். மாதம் ஒரு சனிக்கிழமை கோவிந்தன் மைசூர் வந்து பார்த்துக்கொள்வான் என்றும் வாக்குக் கொடுத்தாயிற்று.

தசரா முதலில் வரும், தீபாவளி பிறகு வரும். இதைக் கணக்குப் போட கோவிந்தனுக்கு ஆடிட்டர் தேவையில்லை. ஸ்வீட் பாக்ஸோடு வந்து காரின் முதுகைத் தட்டிய அன்றைக்கே கார் வேறொருவருடையது. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இருக்கவே போவதில்லை என்று தெரிந்துகொண்டே அந்த மனுஷர் சொல்லியிருக்கிறார்.

"அப்ப நான் ஓட்டுறேன்னு சொன்னது?"

ரங்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னா நீ மனசு வெச்சு வேலையை முடிப்பேன்னுதான். வித்தாச்சுன்னு தெரிஞ்சா பாதியில போட்டுடுவியோன்னு ஒரு பயம்."

"நம்ம கார்னு சொன்னீங்களே சார்."

இதற்கு ரங்கா முழித்த முழி இருக்கிறதே, அதில் பொய் இல்லை. அதுதான் கொடுமை. "நம்ம கார்தானே. நம்மாத்து கார். நாங்க அப்படித்தானே சொல்லுவோம்? இதுல என்ன இருக்கு?"

இதில்தான் எல்லாமே இருந்தது. தமிழில் 'எங்க கார்' என்றால் கேட்கிறவனுக்கு அதில் பங்கில்லை, தள்ளி நில் என்று பொருள். 'நம்ம கார்' என்றால் நீயும் உள்ளே வா என்று பொருள். கன்னடத்துக்கு இந்த வம்பே கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து 'நம்ம' என்று ஒரே சொல்தான். மல்லேஸ்வரத்தில் நாலு தலைமுறை ஊறிய ரங்கா வீட்டுத் தமிழில் 'எங்க' எப்போதோ கரைந்து போயிருந்தது. அவர்களுக்கு நம்ம வீடு, நம்ம நாய், நம்ம சமையல்காரம்மா. கோவிந்தனும் இதே ஊரில் பிறந்தவன்தான், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. காய்கறிக்காரன் 'நம்ம அங்கடி' என்றால் கடையில் தனக்குப் பங்கு இருக்கிறதென்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. இந்த ஒரு மனுஷர் வாயிலிருந்து வந்தபோது மட்டும், ஆசை அவன் காதைத் தமிழாக்கிவிட்டது. நம்ம கார், நம்ம கோவிந்தன். இரண்டும் ஒரே 'நம்ம'தான் என்று இத்தனை நாள் அவனுக்கு உறைக்கவில்லை.

ரங்கா தோளில் கை வைத்தார். "விடு கோவிந்தா. முன்னாடியே மாட்டிடு. வெள்ளிக்கிழமை லாரியில ஏத்தற வரைக்கும் ஓடினா போறும்."

 கோவிந்தனுக்கு அழ வேண்டும் போலிருந்தது. அதைவிட அதிகமாக, சொன்னபடி செய்துவிட வேண்டும் போலிருந்தது. முன்னால் மாட்டினால் என்ன ஆகும் என்று அவன் ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். மைசூரில் முதல் வெயில் நாளன்றே கார் படுக்கும், அந்த ராகேஷ் போன் போட்டு ரங்காவைக் கிழிப்பார். பழி வாங்க ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம், சொன்ன பேச்சைக் கேட்டால் போதும். ஒரு நிமிஷம் அந்த நினைப்பு அவன் வாயில் வெல்லமாக இனித்தது. ஆனால் கார் அவனுக்கு என்ன துரோகம் செய்தது? நட்டநடு ரோட்டில் அது நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அவருக்கு இன்னொரு தபா போன் போடுங்க சார். நான் பேசணும்."

புது எஜமானருக்கு வணக்கம் சொல்லப் போகிறான் என்று ரங்கா நினைத்தார் போலிருக்கிறது, சந்தோஷமாகவே போட்டுக் கொடுத்தார். கோவிந்தன் கன்னடத்தில் நிதானமாகப் பேசினான். பம்ப் இப்போது இருக்கும் இடத்தில் என்ன கெடுதல், முன்னால் வைத்தால் என்ன கெடுதல், டிக்கியில் வைத்தால் எத்தனை துளை, எவ்வளவு பெரிசு, எல்லாம் சொன்னான். துளை வேண்டாம் என்றால் காரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஓட்ட வேண்டுமென்றால் துளை போட்டே ஆக வேண்டும் என்றான். ரங்கா கையைக் காலை ஆட்டினார்.  போடு என்றார் ராகேஷ். ஓட்டத்தான் வாங்குகிறேன் என்றார். இத்தனை தெரிந்த ஆளாக இருக்கிறாயே, முதல் சனிக்கிழமை மைசூருக்கு வந்துவிடுவாய்தானே என்றும் கேட்டார்.

"நான் பரல்ல சார்" என்றான் கோவிந்தன். "காரு மாத்ர பருத்தே."

நான் வர மாட்டேன், கார் மட்டும்தான் வரும். சொல்லிவிட்டுப் போனை ரங்காவின் கையில் வைத்தான். 

அழிந்துபோன புள்ளிகளை மறுபடி அளந்து வைக்க வேண்டியிருந்தது. வைத்தான். நாலு துளையையும் போட்டு, பிசிறை அரம் வைத்துத் தேய்த்து, தகரம் துருப்பிடிக்காமலிருக்க ஓரத்தில் பெயிண்ட் தொட்டு, இப்போதைய பெட்ரோல் அரித்துவிடாத புது ரப்பர் குழாயைச் செருகி, பிராக்கெட்டை முறுக்கினான். அவன் வாழ்நாளிலேயே அத்தனை சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. இடையில் ரங்கா இரண்டு தடவை மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தார். ட்ரில் சத்தத்தில் கேட்காத மாதிரி கோவிந்தன் குனிந்துகொண்டான். மூன்றரை மணிக்குச் சாவியைத் திருப்பினான். டிக்கிக்குள்ளிருந்து பம்ப் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்துவிட்டு, நிறைந்து, அடங்கியது. முதல் தட்டிலேயே இன்ஜின் எழுந்தது.

ரங்கா முகம் கொஞ்சம் மலர்ந்தது. இங்கிருந்து மல்லேஸ்வரம் வரை நீயே ஓட்டேன், கோவிந்தா, உன் ஆசையும் தீர்ந்த மாதிரி இருக்கும் என்றார்.

பதினாறு வருஷ ஆசை கோவிந்தனின் உள்ளங்கையில் நமநமவென்று ஊறியது. கதவுக்கும் அவனுக்கும் இரண்டடி தூரம்தான். பிச்சைக்காரனுக்குக்கூட இலை போட்டுத்தான் பரிமாறுவார்கள், இந்த மனுஷர் வழித்துப் போடுகிறார் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை வேஸ்ட் துணியில் துடைத்தான். ஷெட் கதவை அகலத் திறந்து, கார் போக வழி விட்டு, ஓரமாக நின்றான். ரங்கா சற்று நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கியரை ஒரு தடவை கரகரவென்று உராயவிட்டு, ஓட்டிக்கொண்டு போனார். தெரு முனை திரும்பும் வரை கார் ஒரு இருமல்கூட இருமவில்லை.

கோவிந்தன் யசோதாவுக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டாம், வேலைக்கே போய்விடு, அக்காவிடமும் சொல்லிவிடு என்றான். அவள் பதறிப்போய், என்ன ஆயிற்று, அந்தப் பாழாய்ப் போன பம்ப் மறுபடி மக்கர் பண்ணுகிறதா என்று கேட்டாள்.

"பம்ப் இருக்க வேண்டிய எடத்துலதான் கீது" என்றான்.  "நான்தான் இத்தினி வருஷமா எந்த எடத்துல கீறேன்னு தெரியாம இருந்துட்டேன்."