மடிக் கணக்கு

இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைக்குக் கெங்கம்மாள் வைத்த முதல் விலை மூன்று லட்சம்.

எதிரில் இருப்பவர் வாயைத் திறக்குமுன் தொகையைச் சொல்லிவிடுவது மடத்தனம் என்பது, விழுப்புரத்தில் முப்பது வருடமாகப் பாத்திரக்கடை நடத்துகிறவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் மகன் கோபி சென்னையிலிருந்து போனில் சொன்ன செய்தி அப்படி. மருமகள் கலைப்பிரியாவுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாள். நாளைக் காலை ஆஸ்பத்திரி. முகூர்த்த மாதத்தில், பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு, கிடைத்த பஸ்ஸில் திண்டிவனத்தில் மருமகள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

கலைப்பிரியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாலு வயது ஆர்த்தி டிவிக்குள்ளேயே போய்விடுவதுபோல் உட்கார்ந்திருந்தது.

"சரி, அஞ்சு. நகையா வேணுமா, டெபாசிட்டா போடட்டுமா?"

"அண்டா வாங்குறீங்களா, அத்தை?"

"அண்டாவுக்கு இவ்ளோ ஏறுவனா நான்? ஸ்கூல் பீஸும் என்னுது. போதுமா?"

"காசு இல்லன்னு நான் சொல்லவே இல்லியே. ஆர்த்தி பொறந்து ஆறு மாசம் கழிச்சு லேப் வேலைக்குத் திரும்பிப் போனேன். என் சேர்ல வேற பொண்ணு உக்காந்துகினு இருந்தா. அடியிலேர்ந்து ஏறி இப்பதான் பழைய சம்பளம் வருது. உங்க புள்ள சனிக்கிழமை வராரு, ஞாயித்துக்கிழமை தூங்கறாரு. எங்கம்மா தம்பி பசங்களப் பாத்துகினு இருக்காங்க. இத யார் கையில குடுக்கறது?"

"கோபிய நான் வளக்கலியா? கடையும் பாத்துகினு?"

"நீங்க எங்க வளத்தீங்க? உங்க ஓரகத்திங்க மூணு பேரு வளத்தாங்க. கடைய மூடிட்டு வந்தா, புள்ள யார் மடியில தூங்குதுன்னு தேடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

பெருமைக்குச் சொல்லிவைத்தது. இப்படி வட்டியோடு திரும்பும் என்று யார் கண்டது? எல்லாரும் சேர்ந்திருந்த அந்தக் கோலியனூர் வீடும் பாகம் பிரிந்து, ஓரகத்திகள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள்.

"சரிம்மா. உன் விலையச் சொல்லு."

கலைப்பிரியாவின் கை நின்றது.

"மூணு வருஷம் நீங்க இங்க வந்து இருங்க அத்தை. நாளைக்கு நான் போகல. எனக்கு மட்டும் ஆசையா? ரெண்டு நாளா சோறு எறங்கல."

அட, இவ்வளவுதானா என்றுதான் கெங்கம்மாளுக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் கடை கண்ணுக்குள் வந்தது. புருஷன் இறந்த வருடம், பொம்பளைக்குக் கடனில் சரக்கு இல்லை என்று மூஞ்சிக்கு நேரே சொன்ன மொத்த வியாபாரிகள். இன்று அவளைக் கண்டால் எழுந்து நாற்காலி தருகிறவர்களும் அவர்கள்தான். மூன்று வருடம் மூடினால் எதிர்க்கடைக்காரன் வாடிக்கை மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போவான்.

"கடைய எப்டிம்மா…" என்றாள். "ஆயா வெச்சிக்கலாமே. சம்பளம் நான் குடுத்துடறேன்."

"ஆர்த்திக்கு வெச்சமே, மூணு பேரு மாறினாங்க. ஒருத்தி புள்ளய உள்ள வெச்சிப் பூட்டிட்டு மார்க்கெட்டுக்குப் போனா." கலைப்பிரியாவின் பேச்சில் கோபம்கூட இல்லை. "உங்களுக்குக் கடை அத்தை. எனக்கு லேப்."

கெங்கம்மாள் எழுந்தாள். இருங்கள் என்று மருமகள் சொல்லவில்லை. இருக்கிறேன் என்று இவளுக்கும் வாய் வரவில்லை.

விழுப்புரம் பஸ் புறப்படும்போது எழுந்து கதவுவரை போனாள். "ஏறறதா எறங்கறதாம்மா?" என்றார் கண்டக்டர். இடுப்பில் கடைச்சாவி உறுத்தியது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

திண்டிவனம் மறையும்வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். கோபிக்கு நாலு மடி இருந்தது. ஆர்த்திக்கு அரை மடி.

வயிற்றில் இருக்கும் இதற்குத் தேவை ஒரு மடி. வரவு இல்லை. பாக்கி ஒன்று.