‘போச்சு’ என்று சொல்லக் கூடாத அறை

1.

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. இன்று சாயங்காலம் கம்ப்யூட்டருக்கு மெமரி வாங்கப் போனேன். கொள்ளளவு இரண்டு மடங்கு. விலை ஏறக்குறைய ஐந்து மடங்கு. நேரே அக்கா வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவள் மெமரி சிப் ஆலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள்.

“எங்கிட்ட ஏண்டா கத்துற? துண்டு மேல துண்டா அடுக்கி ஒட்டுறோம். பத்துல ஒண்ணு ஒட்டுறப்போ சாகும்னு வச்சுக்கோ. ஒண்ணு செத்தாலும் மொத்த அடுக்கும் குப்பை. எட்டு அடுக்குல பாதிக்குக் கிட்ட தேறும். பதினாறுல பத்துக்கு ரெண்டுதான். அந்தக் குப்பைக்கும் சேத்துதான் நீ அழுவுற.”

அப்புறம் அவளே அழ ஆரம்பித்தாள்.

2.

‘வெள்ளை உடைக்குள் அவள் இதயம் ஒரு சிறிய...’ (அடித்துவிட்டேன். அக்கா படித்தால் உதைப்பாள்.)

நடந்ததைச் சொல்கிறேன். சிப் சாகும்போதெல்லாம் சோதிப்பவர்கள் “போச்சு” என்பார்கள். அந்த வாய்முகூர்த்தத்தால்தான் சிப் சாகிறது என்று மேனேஜர் முடிவுகட்டி, அந்தச் சொல்லுக்குத் தடை போட்டார். (இது என் கற்பனை இல்லை. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.)

மறுநாளிலிருந்து சிப் செத்தால் “வந்துச்சு” என்றார்கள். தன் அறை ஸ்பீக்கரில் “வந்துச்சு, வந்துச்சு” என்றே கேட்டுப் பூரித்துப்போன மேனேஜர், நூற்றுக்கு நூறு என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். உடனே பத்தாயிரம் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது.

தேறியவை இரண்டாயிரம்.

3.

மேனேஜரை வில்லனாக்கிப் பார்த்தேன். அக்கா விடவில்லை. “பாவம்டா. ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கிப்போன மனுஷன்.”

இன்று மதியம் அவர் அவளிடம் வந்தார்.

“மிச்சத்தையும் பாஸ்னு எழுதிடும்மா. எங்க போய்த் தெரியப்போகுது?”

“ஆஸ்பத்திரி மிஷின்ல போய்த் தெரியும் சார்.”

பேனாவை நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

“சார், போச்சு.”

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். “இன்னொரு தடவை சொல்லும்மா.”

“எட்டாயிரமும் போச்சு சார்.”

“அப்பாடா,” என்றார் அவர்.

அப்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அவர் அறையில் தலைமை அலுவலகத்தின் போன் அடித்தது. ஓடினார்.

4.

முடிவு ஒன்று: அவர் உண்மையைச் சொன்னார், பாராட்டினார்கள். (நம்புவீர்களா?) முடிவு இரண்டு: பழி அக்கா மேல் விழுந்தது. (இதை எழுதக் கை வரவில்லை.)

“கண்ணாடி வழியாப் பாத்தியே, என்னக்கா சொன்னாரு?”

“ஒரே ஒரு வார்த்தைதான்டா. சொல்லிட்டு வெச்சுட்டாரு.”

“உதடு ஒட்டுச்சா? ‘போச்சு’ன்னா ஒட்டும். ‘வந்துச்சு’ன்னா ஒட்டாது.”

“மாஸ்க் போட்டிருந்தாருடா, மடையா.”

அவள் முகம் கழுவப் போய்விட்டாள். காலையில் வேலைக்குப் போக வேண்டும். என்ன சொல்லியிருப்பார்? எனக்குத் தெரியாது. நீங்களே வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எந்த வார்த்தையாக இருந்தாலும், அவள் காதில் விழாமல்.