பெல்ஜியம் வழியாகப் போகாத படை

1

இந்தக் கதையை ஏன் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன், 1971 டிசம்பரில், பாகிஸ்தான் சண்டையில், என் அண்ணன் பெரியமுத்து கிழக்கே ஏதோ ஓர் ஆற்றைக் கடக்கும்போது காணாமல் போனான் என்று பட்டாளத்திலிருந்து தந்தி வந்தது. உடல் வரவில்லை. இதுவரை பொறுத்திருந்த அப்பா, இந்தக் கார்த்திகையில் அவனுக்குக் கருமாதி செய்துவிட்டு, தையில் மதினி குருவம்மாளை எனக்குக் கட்டிவைப்பதென்று முடிவு செய்துவிட்டார். எங்கள் ஆட்களிடம் அறுத்துக் கட்டும் வழக்கம் உண்டு. பிள்ளை இல்லாதவனுக்குத் தம்பிதான் மொட்டை போட்டுக் காரியம் செய்ய வேண்டும். ஆக, அண்ணனைச் செத்தவனாக்கப் போகிறவனும் நான்தான், அவன் தாலியை எடுத்த கழுத்தில் என் தாலியைக் கட்டப் போகிறவனும் நான்தான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஐரோப்பாவை மாற்றி எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "1914 ஆகஸ்டு மாதம், பெர்லினில் மழை —"

(பெய்ததா? எனக்கு எங்கள் மாட்டுப்பட்டி எஸ்டேட் மழைதான் தெரியும். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: பெயரில்லாத ஒரு ஜெர்மன் தளபதி வரைபடத்தின் முன் நிற்கிறான். படைகளை பெல்ஜியம் வழியாக பிரான்சுக்கு அனுப்புவதாகத் திட்டம். என் கதையில் அவன் கடைசி நேரத்தில் மனம் மாறி, அத்தனை ரயில்களையும் ரஷ்யாவின் பக்கம் திருப்பிவிடுகிறான். பெல்ஜியத்தை யாரும் தொடாததால் இங்கிலாந்து சண்டைக்கு வரவில்லை. பனி உருகுவதற்குள் பேச்சுவார்த்தை. யாரும் மண்ணைக் கவ்வவில்லை, அதனால் பழிவாங்க இரண்டாவது உலகப்போர் வரவில்லை. அது வராததால், வெள்ளைக்காரன் அவசர அவசரமாக நம் நாட்டில் கோடு போட்டுவிட்டு ஓடவில்லை. கோடு இல்லாததால் 1971 இல்லை.

(சரித்திரம் படித்தவர்கள் சிரிக்கலாம். நான் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்தை வாடப்போடுகிறவன். எஸ்டேட் வாசகசாலையில் இருந்த ஒரே சரித்திரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் செய்ய முடிந்தது.)

ஒரு கண்டத்தையே திருப்பிப் போட்ட பிறகு, பெரியமுத்து எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் உட்கார்ந்து கட்டன்சாயா குடிக்கிறான். எழுதும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

3

மதினியிடம் படித்துக் காட்டினேன். கொழுந்து பறிக்கப் போக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"இதுல அண்ணன் பட்டாளத்துக்கே போகல மதினி."

"போகாம?"

"இங்கனதான் இருக்கான். ஃபாக்டரில வேல."

முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "பட்டாளத்துக்காரருன்னுதான எங்கய்யா என்னயக் குடுத்தாரு. ஃபாக்டரிக்காரன் வேண்டாம்னு ரெண்டு எடத்தத் திருப்பி அனுப்புனாரு. அவுக போகலன்னா நான் எப்பிடி இந்த லயத்துக்கு வந்தேன்?"

நான் இதை யோசிக்கவே இல்லை. அவன் உயிரோடிருக்கும் உலகத்தில் அவள் வேறு யாருக்கோ வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அங்கே அவள் அவனுக்கும் இல்லை.

(இந்த வாக்கியத்தை அடிக்கத்தான் நினைத்தேன். இருக்கட்டும்.)

4

மூன்றாவதில் ஜெர்மனி ஜெயிக்கிறது. எஸ்டேட் துரைமாரின் பெயர் மாறுகிறது, காலையில் ஆள் எண்ணுவது மாறவில்லை. பெரியமுத்து ஜெர்மன் சக்கரவர்த்தி கைசரின் பட்டாளத்தில் சேர்ந்து ஆப்பிரிக்காவில் சாகிறான்.

நான்காவதில் பட்டாளம் இருக்கிறது, போர் இல்லை. அவன் சேர்கிறான், சம்பளம் வாங்குகிறான், அவளைக் கட்டுகிறான். லீவுக்கு வந்து பஸ் இறங்குகிறான். அவள் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்குகிறாள். பக்கத்தில் நான் —

(ஒரு வாரமாக இது இப்படியே கிடக்கிறது. மதினியை எனக்குப் பிடித்திருக்கிறது. அண்ணன் போனது தாங்க முடியாத துக்கம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். என்னால் தாங்க முடிகிறது. அதுதான் என்னைத் தின்கிறது.)

5

நேற்று அவளாகவே வந்தாள். முன்பெல்லாம் தம்பி என்று கூப்பிடுவாள். பேச்சு முடிவான பிறகு எதையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"தெனமும் தாள்ல அவுகளப் பொழைக்க வச்சிட்டு நீங்க படுத்துக்கிறீக. விடிஞ்சு எந்திரிச்சா, பொட்டு வைக்கணுமா வேண்டாமான்னு நிக்கிறவ நானு."

"நாளைக்குக் காரியம் முடிஞ்சிரும் மதினி."

"முடிஞ்ச பெறகு அவுக வந்து நின்னா? நான் யாரு பொஞ்சாதி?"

எத்தனை தேசங்களை மாற்றியிருக்கிறேன், தளபதிகளை, ரயில்களை. ஒரு பிரதியில்கூட அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அப்போதுதான் கேட்டேன்.

"ஒங்களுக்கு என்ன வேணும்?"

"இப்பக் கேக்கீக" என்றாள். "பந்தலு போட்டாச்சு. நாவிதருக்குச் சொல்லியாச்சு. இப்பக் கேக்கீக."

6

இன்று காலை. எனக்கு மொட்டை போட வாசலில் பலகை போட்டுவிட்டார்கள். அண்ணன் போட்டோவுக்கு மாலை போட்டாயிற்று. உள்ளே, தாலியைக் கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒருதடவை, மதினிக்குத் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா என்னை இரண்டாம் தடவை கூப்பிடுகிறார்.

முடிவு என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்த போர்கள் தீர்ந்துவிட்டன. உங்களுக்கு ஏதாவது ஒரு போர் தெரிந்தால், அதை வேறு விதமாக நடத்தி முடித்துக் கொடுங்கள். அதில் அவன் வரட்டும். அவள் யாரோடு இருக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்களாக எழுதிவிடாதீர்கள், அவளைக் கேளுங்கள். அதன்பிறகு எனக்கு ஓர் இடம் மிச்சமிருந்தால் —

இல்லை, அது வேண்டாம். சீக்கிரம் யோசியுங்கள்.

நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே ஒப்பாரி தொடங்கிவிட்டது.