முப்பத்திரண்டு மடல்கள்

வெண்பனி முடி சூடிய மலைகள் அரணாய் நின்று காக்க, அவற்றின் அடியில் நீலப் பட்டு விரித்தாற்போல் கிடக்கும் லெமான் ஏரியின் வடகரையில், படிபடியாய் ஏறிச் செல்லும் கொடிமுந்திரித் தோட்டங்களில் பழம் பறிப்போரின் கூடைகள் நிறைந்துகொண்டிருந்த புரட்டாசித் திங்களின் பிற்பகல் அது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு. கரையோரத் தண்டவாளத்தில் தொடர்வண்டி ஒன்று வெவே நகர் நோக்கி விரைய, நீரின்மேல் வெண்ணிறக் கப்பலொன்று ஊதல் ஒலித்து மெல்ல நகர, எதிர்க்கரையில் பிரான்சு நாட்டு மலைகள் வெயிலில் தெளிந்து நின்றன. ஏரியைக் கண்டு மகிழவென்றே செல்வர் பலர் எழுப்பிய மனைகள் இவ்வடகரையில் நிரைநிரையாய் நின்றன. எல்லா மனைகளும் நீரை நோக்கி விழி திறந்திருக்க, ஒன்றின் சாளரங்கள் மட்டும் ஆண்டுக்கணக்காய்த் திரையிட்டே கிடந்தன.

நயமறிந்து படிப்போரே, அம்மனையில் வாழ்ந்தவர் அர்மான் வோக்லேன் என்னும் பிரெஞ்சுத் திரை நடிகர். போருக்கு முன்னரே ஊரறிந்த முகம் அவருடையது. போர் மூண்டபோது படையில் சேர்ந்து பீரங்கிப் பிரிவில் பணிபுரிந்தவர். நாடு வீழ்ந்தபின் நாடகக் குழுவோடு ஊரூராய்ச் செல்பவர்போல் மறைபோராளிகளுக்குத் தூது சுமந்தவர். போர் முடிந்தபின் மார்பில் பதக்கமும், திரையில் நாற்பது வீரர் வேடமும் ஏற்றவர். இப்போது எண்பத்தொரு அகவை. நடுக்க நோய் கையிலிருந்து கழுத்துக்கு ஏறி, தலையையும் ஓயாது மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது.

அத்தலையை நாள்தோறும் கழுவித் துவட்டிச் சீவிவிடும் பணி கலாவதியுடையது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்து, அடைக்கலம் நாடி இந்நாடு புகுந்து, அயல்மொழியைச் சொல் சொல்லாய்ப் பொறுக்கிக் கற்ற முப்பத்தாறு அகவைப் பெண் அவள். கணவன் தில்லைநாதன் மொந்த்ரே நகர் விடுதியொன்றின் அடுக்களையில் சமையலாள். இருவரின் வதிவுரிமை வழக்கும் முடிவுறாதிருக்க, வோக்லேன் எழுதித் தந்த பணிச் சான்றே அவர்களை அந்நாட்டில் தாங்கி நின்ற ஒற்றைத் தூண்.

அன்று பிற்பகல், மருந்து வாங்கித் திரும்பியவளை வாயிற்கதவருகே ஒரு பெண் வழிமறித்தாள். லியோன் நகர் நாளிதழொன்றின் செய்தியாளர் என்று தன்னை அறிமுகம் செய்தாள். பிரான்சு விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டுக்கென அவள் எழுதும் கட்டுரைக்கு வோக்லேன் மும்முறை பேட்டி மறுத்திருந்தார்.

"நாற்பத்து நான்காம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு சிற்றூரில் பதினொருவர் பிடிபட்டனர்," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "மறுநாள் விடியலில் ஒருவன் சுடப்பட்டான். அதே நாளில் ஒருவர் மட்டும் வெளியே வந்தார். வெளியே வந்தவர் உங்கள் முதலாளி. எப்படி வந்தார் என்று அவர் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை."

"எனக்கு ஒன்றும் தெரியாது," என்றாள் கலாவதி.

"அவர் மேசையில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நினைத்துப் பாருங்கள்." முகவரிச் சீட்டொன்றை அவள் கையில் வைத்துவிட்டுச் சென்றாள் அப்பெண்.

ஐயம் என்பது மரத்தினுள் புகுந்த வண்டு போன்றது. வெளியே பட்டை பசுமையாய் இருக்க, உள்ளே ஓசையின்றி அரித்துக்கொண்டே போகும். கலாவதியின் நெஞ்சிலோ அவ்வண்டு முன்னமே குடியிருந்தது. ஆறாண்டுகளுக்கு முன், ஊரைச் சுற்றி வளைத்த படையினர் இளைஞர் அனைவரையும் பள்ளிக்கூடத் திடலில் நிறுத்தி, சாக்குப் பையால் தலைமூடிய ஒருவனின் முன்னே ஒவ்வொருவராய் நடக்கவிட்டனர். தலையாட்டி என்று ஊரார் அத்தகையவனை அழைப்பர். அவளுடைய தம்பி கீர்த்தனன் கடந்தபோது அந்தச் சாக்கு மெல்ல மேலும் கீழும் அசைந்தது. கீர்த்தனன் மீளவில்லை. சாக்கினுள் இருந்தவன் யாரென்று தெரியாமையால், அன்று தொட்டு அவளுக்கு யாவரும் அவனே ஆயினர்: பால் கொடுத்த அயலவன், பாடம் சொன்ன ஆசிரியன், துயர் கேட்க வந்து கண்ணீர் வடித்த உறவினன்.

ஆதலால் அன்றுமுதல் அவள் கைகள் முன்போல் பணி செய்ய, கண்கள் மட்டும் ஒற்றராயின. எதிர்க்கரையைக் காணாதபடி அவர் ஏன் திரையிட்டார்? வாயில்மணி ஒலிக்கையில் ஏன் கிண்ணத்தைக் கீழே வைத்தார்? நேற்றுவரை முதுமையின் இயல்பாய்த் தோன்றியவை யாவும் இன்று குற்றத்தின் தடங்களாய்த் தோன்றின. அவர் அன்போடு நன்றி சொன்னால், நடிகர்க்கு அன்பும் ஒரு வேடமன்றோ என்று அவள் உள்ளம் எள்ளியது.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். தில்லைநாதன் உணவுத் தட்டை ஒதுக்கி வைத்தான்.

"எங்கட வழக்கு இன்னும் முடியேல்லை, கலா. அந்த மனிசன் தந்த கடிதத்திலைதான் நாங்கள் இஞ்ச நிக்கிறம். ஐம்பது வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரற்ரை சண்டை எங்களுக்கு என்னத்துக்கு?"

"அந்தத் தலையை நான்தான் ஒவ்வொரு நாளும் தோய வாக்கிறன். அது ஆரைக் காட்டி ஆடின தலையெண்டு எனக்குத் தெரியோணும்."

"தெரிஞ்சு என்ன செய்யப்போறாய்?"

"தெரியேல்லை," என்றாள். "ஆனா தெரியாமல் இனி என்னாலை அவரைத் தொடேலாது."

மறுநாள் நண்பகல் உணவுக்குப்பின் வோக்லேன் சாய்விருக்கையில் கண்ணயர்ந்திருக்க, அவள் எழுதுமேசையின் கீழறையை இழுத்தாள். பூட்டியிருக்கவில்லை, பூட்டப்படாமையே அவளுக்கு ஒரு சூழ்ச்சியாய்ப் பட்டது. உள்ளே மடல்கள். ஆண்டுக்கொன்றாய் முப்பத்திரண்டு மடல்கள், ஒரே ஊர் முத்திரை, ஒரே கையெழுத்து, எல்லாம் மார்ச்சுத் திங்களில் வந்தவை. ஒன்றேனும் திறக்கப்படவில்லை. இளமையின் கூரிய எழுத்து ஆண்டுதோறும் தளர்ந்து, கடைசி உறையில் முதியவளின் எழுத்தாய் உருண்டு நின்றது. அடுத்தவர் மடலைத் திறப்பது இழிவென்று அறிந்தும் அவள் அந்தக் கடைசி உறையைக் கிழித்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஐயா, இவ்வாண்டும் எழுதுகிறேன். நீங்கள் அச்சிறையில் இருந்தீர்கள் என்று நாளிதழில் படித்ததிலிருந்து எழுதுகிறேன். என் தமையன் பொல் மெரியே மிதிவண்டி பழுது பார்ப்பவன், எக்குழுவிலும் சேராதவன். அவனை யாரோ அடையாளம் காட்டினார்கள் என்று காவலன் ஒருவன் பின்னர் சொன்னான். யாரென்று நீங்கள் அறிந்தால் சொல்லுங்கள். நான் பழி வாங்கும் அகவையைக் கடந்துவிட்டேன். சுசான் மெரியே."

 இம்மடலைக் கலாவதி அறிவாள். படைமுகாம்களுக்கும், கண்காணிப்புக் குழுக்களுக்கும், அரசு அலுவலர்க்கும் தானே இதை எழுதியிருக்கிறாள். மொழி ஒன்றே வேறு. அவளுடைய மடல்களும் எங்கோ ஒரு மேசையறையில் இப்படித்தான் திறவாமல் கிடந்திருக்கும்.

நிமிர்ந்தபோது வோக்லேன் விழித்திருந்தார். எத்துணை நேரமாய் என்று தெரியவில்லை.

"நீங்கள் தலையசைத்தீர்களா?" என்று கேட்டாள். ஐயா என்னும் விளியும் அவள் வாயில் எழவில்லை.

அவர் கிழிந்த உறையை நோக்கினார். பின்னர், ஒப்பனை முற்றும் களைந்த குரலில் கூறலானார்.

"எங்கள் தலைவன் அந்த வரிசையில் நின்றான். அவன் முகம் பகைவர்க்குத் தெரியாது. நான் அவனை அறிந்தவன் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். அவன் நெஞ்சில் நாற்பது பேரின் பெயர்கள் இருந்தன. ஒருவரையும் தெரியாது என்றால் எல்லாரையும் வதைத்திருப்பார்கள். யாரேனும் ஒருவன் உடைந்திருப்பான். ஆகவே நான் நடித்தேன். கண்டுகொண்டவன்போல் ஒரு நொடி தயங்கினேன், வெட்கியவன்போல் விழி தாழ்த்தினேன், பிறகு தலையசைத்தேன். ஓரத்தில் நின்ற ஒருவனைப் பார்த்து. அவனை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னால் முடிந்திராது."

"அந்த நாற்பது பேர்?"

"பிழைத்தார்கள். தலைவனும் பிழைத்தான், எனக்குப் பதக்கம் வாங்கித் தந்தான், இறக்கும்வரை ஒருமுறையும் என் கண்ணை நேரே பார்க்கவில்லை. நாற்பதுக்கு ஒன்று சரிதான் என்று எவரும் சொல்வர். அப்படிச் சொல்லிவிடுவார்களே என்று அஞ்சித்தான் எவரிடமும் சொல்லவில்லை."

அவர் கன்னத்தில் நீர் வழிந்தது. அந்நீரையும் கலாவதி ஐயுற்றாள். அறுபதாண்டு கண்ணீர் விற்றவரின் கண்ணீர் அது; அதை எந்த நிறைகோலில் இட்டு எடை காண்பது? அவரை வெறுக்கவும் அவளால் இயலவில்லை, தேற்றவும் இயலவில்லை. தம்பி நின்ற வரிசையில் தானும் நின்று, சாக்கினுள் இருந்து வெளியே பார்க்கும் இரு கண்களை முதன்முறையாய் மிக அருகில் கண்டவள்போல் உறைந்து நின்றாள்.

"அந்த அம்மைக்கு எழுதுங்கள்," என்றாள் ஈற்றில்.

"எழுதினால் ஊர் அறியும். என் பெயர் போகும், அது போகட்டும். என் சான்றுக்கு மதிப்பில்லாமல் போனால் உங்கள் வழக்கு என்னாகும் என்று எண்ணினீர்களா?"

எண்ணினாள். தில்லைநாதனின் முகம் கண்முன் வந்தது. அலுவலகத்துப் படிவங்களும், திருப்பியனுப்பப்பட்டோர் ஏறிய வானூர்தியும் வந்தன. இவர் தன்னைக் காக்க அதைச் சொல்கிறாரா, என்னைக் காக்கவா என்று மறுபடியும் வண்டு அரித்தது. ஆயினும் அவள் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நீங்கள் சொல்லுங்கள்," என்றாள். "உங்கள் கை நடுங்கும். நான் எழுதுகிறேன்."

அவர் சொல்லச் சொல்ல, பள்ளிச் சிறுமியின் எழுத்தில் பிழை மலிய அவள் எழுதினாள். இரு பக்கம். தம்மைக் காக்கும் சொல் ஒன்றும் அவர் சேர்க்கவில்லை. நாற்பது பேரைப் பற்றியும் கூறவில்லை. அதைச் சேர்க்கலாமே என்று அவளே கேட்டபோது, வேண்டாம் என்றார். அவ்விடத்தில்தான் அவள் ஐயம் சற்றே தளர்ந்தது. ஆயினும் மடலை அவரிடம் விட்டுச் செல்ல மனமின்றித் தானே எடுத்துச் சென்று, நிலையத்தருகே மஞ்சள் அஞ்சற்பெட்டியில் இட்டாள். செய்தியாளர் தந்த முகவரிச் சீட்டைக் கிழித்தெறிந்தாள்; இச்செய்தி முதலில் சேரவேண்டிய கதவு வேறென்று அவளுக்குத் தோன்றிற்று.

வீட்டில் அவள் நடந்ததைச் சொன்னதும், "கடிதத்தைப் போட்டிட்டியோ?" என்று கேட்டான் தில்லைநாதன்.

"ஓம்."

அவன் உணவுத் தட்டை அவள்பக்கம் நகர்த்தினான். "கீர்த்தனனுக்கு இருவத்திரண்டு வயசென்ன?" என்றான்.

"இருவத்தொண்டு," என்றாள்.

மார்கழித் திங்களில், பனி தோட்டச் சுவர்களை மூடியிருந்த ஒரு முற்பகலில், சுசான் மெரியே வந்தாள். அறுபத்தொன்பது அகவை, கருநிறக் கம்பளிச் சட்டை, கையில் பை ஒன்றும் இல்லை. கலாவதி கொடுத்த தேநீரைத் தொடவில்லை. வோக்லேன் எழ முயன்றார், அவள் கையமர்த்தினாள்.

"அவன் அப்போது என்ன செய்தான்?" என்று மட்டும் கேட்டாள்.

"சிரித்தான்," என்றார் அவர். "என்னைத் திரையில் கண்டிருப்பான் போலும். அறிந்த முகம் என்று சிரித்தான். நான் தலையசைத்தபோது வணக்கம் சொல்கிறேன் என்று எண்ணித் தானும் தலையசைத்தான்."

 முதியவள் கண்களை மூடினாள், திறந்தாள். "ஆம். பொல் அப்படித்தான்," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. எழுந்து, நீட்டிய அவர் கையைப் பற்றாமல், மேலங்கியை அணிந்துகொண்டாள்.

தொடர்வண்டி நிலையம்வரை கலாவதி உடன் நடந்தாள். பனியில் வழுக்காதிருக்க முதியவள் அவள் தோளைப் பற்றினாள். மேடையில் நின்றபோது, எவரையும் நோக்காமல் சொன்னாள்:

"ஐம்பது ஆண்டுகள் எங்கள் ஊரிலே எல்லாரையும் ஐயுற்றேன். அப்பம் சுடுபவரை, குருவானவரை, என்னை மணந்துகொண்ட மனிதரை. அவர் இறக்கும் நாளில் என் கையைப் பிடித்து, நான் இல்லை சுசான் என்றார். நான் நம்பவில்லை." வண்டி வந்து நின்றது. "இனி வீட்டுக்குப் போய் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். பலர் கல்லறையில் இருக்கிறார்கள். நாளாகும்."

வண்டி ஏரிக்கரை வளைவில் மறையும்வரை கலாவதி நின்றாள்.

அதன்பின் நிகழ்ந்தவை சிலவே. வோக்லேன் பதக்கத்தைத் திருப்பி அனுப்பிக் காரணத்தையும் எழுதினார்; நாளிதழ்கள் சில அவரைக் கொலையாளி என்றன, சில அறிவாளி என்றன; இரண்டையும் அவர் படிக்கவில்லை. இளவேனிலில் உறக்கத்திலேயே மறைந்தார். அவரை இறுதியாய்க் குளிப்பாட்டியவள் கலாவதியே. அவர் தம் வழக்கறிஞரிடம் வைத்துச் சென்ற பணிச் சான்றை அலுவலகம் ஏற்றதா என்று பல திங்கள் தெரியாதிருந்து, ஈற்றில் கோடையில் வதிவுரிமை கிட்டியது. அவள் முதியோர் இல்லமொன்றில் பணிக்குச் சேர்ந்தாள்.

குற்றம் இழைத்தவன் ஒருவன். அவன் மறைந்து நிற்கும் நாள்வரை அவனுடைய நிழல் ஊரிலுள்ளோர் யாவர்மேலும் விழுந்துகிடக்கும். அவன் வாய் திறக்கும் நாளில் இறந்தவன் எழுந்து வருவதில்லை. இருந்தோரும் இறந்தோருமாகிய குற்றமற்ற பலர் மட்டுமே தத்தம் முகங்களை மீளப் பெறுகின்றனர். அச்சிறு பேறும் உலகில் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. சுன்னாகத்துத் திடலில் சாக்கினுள் இருந்தவன் இன்னும் எழுதவில்லை. அவன் எழுதும்வரை காத்திராமல், அவ்வாண்டு ஐப்பசியில் கலாவதி மடலொன்று எழுதினாள். ஏழாண்டுகளாய்த் தான் முகம் கொடாதிருந்த அயலவனுக்கும் ஆசிரியனுக்கும் உறவினனுக்கும், நலம் கேட்டு.