சர்வரில் ஏறிய பகை

மீனாட்சிபுரம் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்னப் பால் சங்கம். அதன் தலைவர் சென்னியப்பனுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் யோகப்பிரியாவுக்குக் கல்யாணம். "என்ற தம்பி சீர் வெக்காம எம்புள்ள மணையில உக்காரமாட்டா" என்று மனைவி கமலாத்தாள் கறாராகச் சொல்லிவிட்டாள். தம்பி அழகுமலையோ, மாமா தானே அழைக்காமல் வரமாட்டேன் என்கிறான். மாமாவுக்கும் மச்சினனுக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சங்கப் பொதுக்குழுவில் அழகுமலை எழுந்து, "மாமா ஊட்டுப் பாலுக்கு எங்கூட்டு மோரே கெட்டிங்க" என்றான். அவ்வளவுதான்.

பேச்சில்லை என்றால் வாய் திறக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. மெயில் போடலாமா கூடாதா என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்தச் சந்தில் புகுந்துவிடலாம் என்று சென்னியப்பன் ஒற்றை விரலால் அழைப்பைத் தட்டி அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தது.

சங்கத்துக்கு ஓடினார். சங்கத்து மெயிலெல்லாம் போய்வரும் சர்வரைக் கட்டி மேய்ப்பது செயலாளர் மருதாத்தாள்தான்.

"ஏனுங்க, மறந்துட்டீங்களா?" என்றாள் அவள். "பாலைக் கேன்ல ஊத்தறப்ப ஒரு வடிகட்டி, ஊட்டுல காய்ச்சறப்ப ஒரு வடிகட்டி இல்லீங்களா? மெயிலும் அப்படித்தானுங்க. சர்வர்ல இருக்கறது ஊருக்கே பொது. உங்க பெட்டில இருக்கறது உங்களுக்கு மட்டும். அழகுமலை பேரை உங்க பெட்டில தடுத்தீங்க. அது பத்தாதுன்னு சர்வர்லயும் ஏத்தச் சொன்னீங்க."

சொன்னார்தான். எனக்கு ஆகாதவன் சங்கத்துக்கே ஆகாதவன் என்று அன்றைக்கு மேசையைத் தட்டிச் சொன்னார். அழகுமலை கட்சி சும்மா இருக்குமா? சென்னியப்பன் என்ற பேர் எந்த மெயிலில் எந்த மூலையில் இருந்தாலும் தடுக்க வைத்தார்கள். அப்புறம் தலைவருக்கு ஒரு நியாயம் எங்களுக்கு ஒரு நியாயமா என்று ஊரே கிளம்பிவிட்டது. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை, வரப்புச் சண்டை, பந்தியில் பாயசம் வராத சண்டை எல்லாம் சர்வரில் ஏறின. இப்போது சங்கத்தில் யாருடைய மெயிலும் யாருக்கும் போவதில்லை.

"எடுத்து விடு தாயி."

"கமிட்டி தீர்மானம் வேணுமுங்க. கமிட்டியைக் கூட்ட மெயில்ல நோட்டீஸ் போகணும். எங்க போகுது?"

"எனக்கு மட்டும் தினமும் பரிசு விழுந்திருக்குன்னு மெயில் வருதே, அது எப்படி வருது?"

"எல்லாத்துக்கும் வருதுங்க. உங்க பகையெல்லாம் பாத்து முடிக்கறதுக்குள்ள சர்வருக்கு மூச்சு வாங்குது. திருட்டு மெயிலைப் பாக்க அதுக்கு ஏது நேரம்? அந்தச் சோதனையை நானே நிறுத்தி வெச்சுட்டேன். பாவம், பரிசுக்காரனுக்கு இந்த ஊருல யாரோடயும் சண்டை இல்லீங்களே."

சென்னியப்பனுக்குப் பொறி தட்டியது. அன்று மத்தியானமே புது முகவரி ஒன்றைத் திறந்து, தன் பேரை எங்கேயும் போடாமல் எழுதினார்:

"வாழ்த்துகள்! ஒரு மணப்பெண்ணுக்குத் தாய்மாமனாக நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள். ஞாயிறு காலை முகூர்த்தத்துக்குள் ஆதார் நகலுடன் சங்கத்துக்கு எதிர் மண்டபத்துக்கு நேரில் வரவும். இந்த வாய்ப்பு ஒருமுறை மட்டுமே."

கடைசியில் மனசு கேட்காமல் இன்னொரு வரியும் சேர்த்தார். அனுப்புகிற அவசரத்தில் விரல் 'சங்க உறுப்பினர் எல்லோரும்' என்ற இடத்தில் பட்டுவிட்டது.

ஞாயிறு விடிந்தால், அட கண்றாவியே! மண்டப வாசலில் ஊரே வரிசை கட்டி நிற்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கையில் தேங்காய் பழத் தட்டு, தட்டின் மேல் ஆதார் நகல். எழுபது வயசு பிச்சைமணிகூட, "நாந்தானுங்க தாய்மாமன், மெயில் வந்துது" என்று முண்டியடிக்கிறார். அழகுமலையைக் காணோம். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. கமலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பாழாய்ப்போன மோருக்காகப் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டோமே என்று சென்னியப்பன் தன்னையே திட்டிக்கொண்டார்.

வரிசையை விலக்கிக்கொண்டு அழகுமலை வந்தான். தலையில் சீர்த் தட்டு, ஆதார் இல்லை.

"பரிசு வாங்க வந்தேனுங்க மாமா."

சென்னியப்பன் வாய் தானாகத் திறந்தது. "ஆதார் எங்க மாப்ள?"

"எதுக்குங்க? எழுதினது யாருன்னு கடைசி வரியிலயே தெரிஞ்சு போச்சு. எந்தத் திருட்டுப்பய, 'இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்'னு எழுதுவான்?"

சென்னியப்பன் தட்டை வாங்கவில்லை. தட்டோடு சேர்த்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.