பின்னறையிலிருந்து முன்னறை வரை

பியூலா டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து வீடு நீள ஆரம்பித்தது. டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

“இடுப்பு வளையத்துல ரெண்டு விரிசல்” என்று எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “எலும்பு உள்ளுக்குள்ள சல்லடையா இருக்கு. ஆபரேஷன் வேண்டாம். வலிக்கு மாத்திரை, எலும்புக்கு ஊசி. வலி கொஞ்சம் தணிஞ்சதும் எழுந்து நடந்துரணும். படுத்தே கிடந்தா வீடு நீளும்.”

“எவ்வளவு நீளும்?”

“அது ஆளைப் பொறுத்தது.”

அவளுக்கு எழுபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பூகோளப் பாடம் நடத்தியவள். தூரம் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் புரண்டு படுத்தாலே இடுப்புக்குள் கண்ணாடி நொறுங்கியது. நாளைக்கு நடக்கலாம் என்று பின்னறையில் படுத்திருந்தாள். மறுநாளும் அப்படியே சொல்லிக்கொண்டாள்.

முன்னறையில் அவள் கணவர் ஞானசிகாமணி இருந்தார். பலவீனமான இதயம். முதல் வாரம் அவர்தான் காபி கொண்டுவந்தார். இரண்டாம் வாரம் வந்து சேர்வதற்குள் காபி ஆறிப்போனது. மூன்றாம் வாரம் பாதி வழியில் மூச்சு வாங்கித் திரும்பிவிட்டார். அதன்பிறகு அவர் குரல் மட்டும் வந்தது. காலையில் அவர் கேட்டது சாயங்காலம் வந்து சேர்ந்தது.

“ஏளா, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்” என்று கத்துவாள். அது போய்ச் சேரும்போது அவர் தூங்கியிருப்பார்.

பின்வாசல் வழியாக வந்து கவனித்துக்கொண்ட நர்ஸ் செல்லக்கனி, ஒருநாள் தெருவைச் சுற்றி முன்வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே வேறு யாருடைய வீடோ இருந்தது.

ஐந்தாம் வாரம் ஒரு சாயங்காலம் அந்தக் குரல் வந்தது.

“ஏளா, கொஞ்சம் வாயேன். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு.”

அது காலையில் சொன்னது. பியூலா எழுந்து உட்கார்ந்தாள். செல்லக்கனி வாக்கரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

“வலிக்குமா?”

“வலிக்கும் டீச்சர்.”

“வீடு நீளுதது நிக்குமா?”

“நீங்க நடந்தா நிக்கும்.”

முதல் நாள் பீரோ வரை போனாள். அங்கேயே தரையில் தூங்கினாள். மூன்றாம் நாள் பிரிட்ஜைக் கடந்தாள். நான்காம் நாள் சாப்பாட்டு மேஜையில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

“எங்க போறீங்க?”

“எங்க வீட்டுக்காரர்கிட்ட.”

“நீங்க நடப்பீங்கன்னு எங்ககிட்ட பதிவு இல்லையே. விழுந்ததுதான் பதிவாயிருக்கு.”

“நடந்துதான இங்க வந்திருக்கேன்.”

“எழுத்துல வேணும்.”

எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து ஒத்துவரவில்லை என்றார். மறுபடி எழுதினாள். அதில் ஒரு முழு நாள் போயிற்று.

ஏழாம் நாள் எதிரே ஓர் அழுகைச் சத்தம் வந்தது. பல பேர் சேர்ந்து அழும் சத்தம். பின்னறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. யார் வீட்டுத் துக்கமோ என்று நினைத்தாள். வாக்கரைச் சுவரோரம் ஒதுக்கி அதற்கு வழிவிட்டாள்.

பதினோராம் நாள் முன்னறைக்கு வந்தாள். நாற்காலிகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. கணவரின் தம்பி கொர்நேலியுஸ் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டார்.

“மதினி!”

“அவுக எங்க?”

கொர்நேலியுஸ் ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

“நேத்துத்தான் அடக்கம் பண்ணுனோம். இன்னும் ஒருநாள் பொறுக்கச் சொல்லிப் பார்த்தேன். பாதிரியார் கேக்கல.”

ஒருநாள். குமாஸ்தாவின் மேஜையில் போன அந்த ஒருநாள். அவள் வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கடைசியா ஏதாவது சொன்னாகளா?”

“தூரத்துல வாக்கர் சத்தம் கேக்குன்னாரு. எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. பியூலாதான் வாரா, கதவச் சாத்திராதீங்கன்னாரு.”

அவள் அழவில்லை. அழுதால் இடுப்பு குலுங்கும்.

“உக்காருங்க மதினி.”

“உக்காந்தா எந்திக்க முடியாது. கல்லறைத் தோட்டம் எவ்வளவு தூரம்?”

“பக்கந்தான். முக்கால் கிலோமீட்டர்.”

பியூலா வாசற்படியில் நின்று பார்த்தாள். தெரு நீளவில்லை. வெயிலில் அதன் கோடி வரை தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் ஓர் இடம் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

வாக்கரைக் கீழ்ப்படியில் இறக்கி ஊன்றினாள். வலித்தது. இடது காலை எடுத்து வைத்தாள்.